நாம் ஏற்கெனவே கடன்பட்டவர்கள்



வளைகுடாவில் நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதி கடல் கடந்தே வருகிறது. 2008-இல் உலகெங்கும் தானிய விலை உயர்ந்தபோது, இந்நாடுகளின் முதலீட்டாளர்கள் சூடான், எத்தியோப்பியா முதலிய நாடுகளில் பரந்த நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தனர். அந்நிலங்களில் தலைமுறைகளாக உழுதவரும் ஆடுமாடு மேய்த்தவரும் எங்கே செல்வர் என்னும் கேள்வி அன்றே எழுந்தது.

இதே மண்ணில் வேறொரு வழியும் பிறந்துள்ளது. துபாயில் 1999-இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டு உவர்நில வேளாண்மை மையம், உப்புநீரிலும் விளையும் பயிர்களை ஆராய்கிறது. காம்பியா, சியரா லியோன், லைபீரியா, டோகோ, மொசாம்பிக், நமீபியா, போட்சுவானா ஆகிய 7 நாடுகளில், உவர்ப்பால் நலிந்த நிலங்களுக்காக அந்நாட்டு வேளாண் நிறுவனங்களோடு அது கைகோத்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியமும், ஆப்பிரிக்கப் பொருளாதார வளர்ச்சிக்கான அரபு வங்கியும் பொருளுதவி செய்தன.

உப்பின் கொடுமையை நாம் அறிவோம். 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்ட வயல்களில் கடல் புகுந்தது. தக்கைப்பூண்டை மடக்கி உழுதும், மழைநீரைத் தேக்கி வடித்தும், உவர்ப்பைத் தாங்கும் மரபு நெல்லை விதைத்தும் நம் உழவர் நிலத்தை மீட்டனர். ஆய்வாளரின் அறிவும் உழவரின் பட்டறிவும் அங்கே ஒன்றையொன்று தேடின.

ஆகவே, ஆப்பிரிக்காவுக்கு நாம் ‘உதவுகிறோம்’ என்னும் சொல்லை விடுவோம். நம் முன்னோர் கூழாக்கி உண்ட கம்பும் சோளமும், நாம் விரும்பும் தட்டைப்பயறும், ஆப்பிரிக்க உழவர் முதன்முதலில் பயிராக்கி உலகுக்கு ஈந்தவை. கடன்பட்டவர் கொடையாளியாகத் தம்மைக் கருதலாகாது.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் சாகேல் பகுதிக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவியபோது, அதன் பொறுப்பை அந்நாட்டு ஆயர்களிடமே ஒப்படைத்தார். அந்நெறியே நமக்கு அளவுகோல். விதையைத் தேர்பவர் யார்? விளைந்ததில் விதை எடுத்து உழவர் மீண்டும் விதைக்க இயலுமா? நிதி முடிந்தபின் பணியைத் தொடர்வோர் யார்? எத்தகைய திட்டத்தையும், மேற்சொன்ன மையத்தின் பணியையும், இம்மூன்று வினாக்களாலேயே அளக்க வேண்டும்.

நன்கொடை அளிக்குமுன் நீங்களும் இவற்றைக் கேளுங்கள். நீர் மேலாண்மையிலும் பொறியியலிலும் பணிபுரிவோர் தம் அறிவையும் பகிரலாம். நம்மோடு ஒரே திருப்பலியில் பங்கேற்கும் ஆப்பிரிக்க உடன்பிறப்புகளிடம் அவர்தம் ஊரின் மண்ணையும் மழையையும் பற்றி இவ்வாரம் கேளுங்கள். கேட்டறிதலே கூட்டுறவின் முதற்படி.

இறையாசீருடன்,
உங்கள் அருள்பணியாளர்