தள்ளுவண்டில்: கொண்டு போவதா, வாடகைக்கு எடுப்பதா?

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் கேட்கும் முதல் இடம் கனடாஸ் வொண்டர்லான்ட். 1981 இல் வோன் நகரில், 400 ஆம் நெடுஞ்சாலை ஓரமாகத் திறக்கப்பட்ட பெரிய பூங்கா அது. ஓவர்ரைமை விட்டு ஒரு நாளை ஒதுக்கிக் குடும்பமாகப் போகிறோம். அந்த நாள் நல்லபடி முடிய வேண்டுமென்றால், சின்னப் பிள்ளை உள்ளவர்கள் தள்ளுவண்டில் விஷயத்தை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஊரில் நாங்கள் நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வந்தவர்கள்தான். ஆனால் அங்கே மாமி, சித்தி, அயலட்டை என்று கை மாற்றப் பலர் இருந்தார்கள். இங்கே தாயும் தகப்பனும் மட்டும்தான்.

பூங்காவுக்குள்ளே வண்டில் வாடகைக்குக் கிடைக்கும். வாடகை வருடத்துக்கு வருடம் மாறும். புறப்பட முன் விசாரியுங்கள். இப்படியான இடங்களில் தரும் வண்டில்கள் பெரும்பாலும் கடினமான பிளாஸ்ரிக்கில் செய்தவை. நன்றாக நிமிர்ந்து இருக்கும் பிள்ளைக்குச் சரி; கைக்குழந்தைக்கு உதவாது. முக்கியமாக, வெளியே வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பிள்ளை நித்திரையாகிப் பாரமாவது அதற்குப் பிறகுதான். காரில் வந்தவர்களுக்குக் கார் நிறுத்திய இடம் வரை நடை. ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸிலும் சப்வேயிலும் வருபவர்களுக்கு இன்னும் நீண்ட வழி: கெனடியில் ஏறி, சென்ற் ஜோர்ஜில் மாறி, 2017 இல் திறந்த வோன் மெற்றோபொலிற்றன் சென்ரர் நிலையம் வரை, பிறகு யோர்க் பிராந்திய பஸ். 2024 பெப்ரவரி முதல் இரண்டுக்கும் ஒரே கட்டணம் போதும். காசு குறைந்தது, தூரம் குறையவில்லை.

ஆகவே எங்கள் கணக்கு இது. பஸ்ஸில் போகிறவர்களும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ளவர்களும் சொந்த வண்டிலைக் கொண்டு போங்கள். காரில் போகும், நாலைந்து வயதுப் பிள்ளை உள்ளவர்கள் வெறுங்கையோடு போகலாம். கால் நோகிறது என்றால் அப்போது வாடகைக்கு எடுக்கலாம்.

கொண்டுபோக நல்லது, குடைபோல மடியும் பாரமில்லாத வண்டில். ஓவன் மக்லாரன் என்ற ஆங்கில விமானப் பொறியியலாளர் 1965 இல் வடிவமைத்தது அந்த வகை. ஆனால் அதிலும் சாய்ந்து படுக்க முடியாத வண்டில் சின்னக் குழந்தைக்குக் கூடாது. கரேஜ் சேலில் வாங்கினால் பிறேக், இடுப்புப் பட்டி, மடிப்புப் பூட்டு மூன்றையும் சோதியுங்கள். திருப்பி அழைக்கப்பட்ட பொருளை விற்பது, பழையதானாலும், இங்கே சட்டப்படி குற்றம். மாதிரி இலக்கத்தை ஹெல்த் கனடாவின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில:

கைபிடியில் பாரமான பைகளைத் தொங்கவிடாதீர்கள். பிள்ளை இறங்கியதும் வண்டில் பின்பக்கம் சரியும்.

வெயிலுக்கென்று தடித்த துணியால் வண்டிலை மூடாதீர்கள். உள்ளே வெக்கை கூடும்.

சப்வேயில் எஸ்கலேற்றரைத் தவிர்த்து லிஃப்ற்றைப் பாவியுங்கள்.

ராட்டினங்களுக்குப் போகும்போது வண்டில் வெளியேதான் நிற்கும். காசையும் அடையாளப் பத்திரங்களையும் அதில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடையாளத்துக்கு ஒரு நிறத் துணித் துண்டைக் கட்டிவிடுங்கள். ஒரே மாதிரி வண்டில்கள் பல நிற்கும்.

வீட்டுக் கதவு வரைக்கும் கணக்குப் பார்த்துப் புறப்பட்டால், அடுத்த நாள் வேலைக்குப் போக உடம்பில் தெம்பு மிஞ்சும்.