திரைக்குப் பின்னால்

மறைத்து வைத்த பொருளைக் காணவேண்டும் என்னும் ஆவல் மக்களிடத்தில் இயல்பாகவே அமைந்தது. கோயில் திருவிழாவிலே கூத்துப் பார்க்கப் போன சிறுவர் களரியின் முன்னே சிறிது நேரமும், உடுப்புக் கட்டும் கொட்டிலின் கிடுகு இடுக்கிலே நெடுநேரமும் நிற்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். இராச வேடம் பூண்டவர் வெற்றிலை போடுகிறாரா, அரக்கனாக வருபவர் தேநீர் அருந்துகிறாரா என்று அறிவதிலே அவர்களுக்கு ஓர் இன்பம். வளர்ந்த பின்னும் இவ்வாவல் நம்மை விட்டு முற்றாக நீங்குவதில்லை. இதனை நன்குணர்ந்த அமெரிக்கர், தமது களியாட்டப் பூங்காக்களில் மேடைக்கு முன்புறத்தைக் காட்டுவதற்கு ஒரு கட்டணமும், பின்புறத்தைக் காட்டுவதற்கு வேறொரு கட்டணமும் அறவிடுகின்றனர். அத்தகைய அரங்கொன்றின் பின்புறத்தை இவ்வாரம் நாம் கட்டணமின்றியே சுற்றி வருவோம்.

புளோரிடா மாநிலத்தில், ஓர்லாண்டோ நகருக்கு அண்மையில், வோல்ட் டிஸ்னியின் பெயரால் அமைந்த பெரும் பூங்காத் தொகுதி 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் 1 ஆம் திகதி திறக்கப்பட்டது. அங்கே வழங்கும் சொற்களே நம் கவனத்துக்குரியன. சீட்டு விற்பவரும், குப்பை கூட்டுபவரும், ஆடிப்பாடுபவரும் யாவரும் அங்கே 'நடிகர் குழுவினர்' என்றே அழைக்கப்படுவர். அவர்கள் அணியும் சீருடைக்கு 'வேடம்' என்று பெயர். பணம் கொடுத்து வருபவர் 'விருந்தினர்'. விருந்தினர் நடமாடும் தெருவும் திடலும் 'மேடை'. அவர்கள் கண்ணுக்கு எட்டாத இடமெல்லாம் 'மேடைப் பின்புறம்'. பூங்கா முழுவதையும் ஒரு நாடகமாகவே கருதி அமைத்தவர்கள் கையாண்ட சொற்கள் இவை.

மறைக்கும் கலையில் அவர்கள் எவ்வளவு தூரம் சென்றனர் என்பதற்கு அத்தொகுதியின் முதற் பூங்காவாகிய 'மஜிக் கிங்டம்' சான்று. விருந்தினர் நடக்கும் தெருக்களின் கீழே, ஏறத்தாழ 9 ஏக்கர் பரப்பில், ஊழியர்க்கென ஒரு சுரங்க வழித் தொகுதி இருக்கிறது. உண்மையில் அது நிலத்தைத் தோண்டி அமைத்ததன்று. புளோரிடாவில் நிலத்தடி நீர் மிக மேலே நிற்பதால், நில மட்டத்திலேயே அவ்வழிகளைக் கட்டி, அருகே ஏரி வெட்டிய மண்ணைக் கொணர்ந்து சுற்றிலும் மூடினர். ஆகவே விருந்தினர் தரையென்று எண்ணி நடப்பது ஒரு கட்டடத்தின் மேல்மாடியிலே! மாட்டிடையன் வேடம் பூண்ட ஊழியர் ஒருவர் கலிபோர்னியாப் பூங்காவின் 'எதிர்கால உலகம்' ஊடாக நடந்து போவதைக் கண்ட வோல்ட் டிஸ்னி, மாயை கலைகின்றதே என மனம் வருந்தியதே இவ்வமைப்புக்குக் காரணம் எனச் சொல்வார்கள். இவ்வழிகளைக் காட்டும் சுற்றுலாவில் 16 வயது நிரம்பாதோர் சேரமுடியாது. பின்புறத்தில் படம் பிடிக்கவும் தடை உண்டு. உண்மையைக் கண்டால் குழந்தைகளின் வியப்பு அழிந்துவிடும் என்பதே அவர்களது அச்சம்.

இந்த அச்சம் நியாயமானதா? விடை காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. அதே நிறுவனத்தார், அதே பூங்காத் தொகுதியில், மறைக்கவேண்டியவரை மறைக்காமலே மேடையேற்றிய நாடகம் ஒன்று உண்டு.

1998 ஆம் ஆண்டு ஏப்பிரல் 22 ஆம் திகதி அங்கே 'அனிமல் கிங்டம்' என்னும் பூங்கா திறக்கப்பட்டது. அதிலுள்ள சுமார் 1500 பேர் அமரக்கூடிய அரங்கில், 2007 ஆம் ஆண்டு சனவரியில் 'பைண்டிங் நீமோ' இசை நாடகம் தொடங்கியது. 2003 இல் வெளிவந்த திரைப்படமே அதற்கு மூலம். பவளப் பாறையில் வாழும் கோமாளி மீன் ஒன்று, மனைவியையும் முட்டைகளையும் சீலா மீனுக்கு இரையாகக் கொடுத்தபின், எஞ்சிய ஒரேயொரு மகனைக் கண்ணுங் கருத்துமாக வளர்க்கிறது. அம்மகனைச் சுழியோடியாக வந்த சிட்னி நகரப் பல் வைத்தியர் ஒருவர் பிடித்துச் சென்று, தமது மீன் தொட்டியில் இடுகிறார். தந்தை மீன் கடல் கடந்து மகனைத் தேடிச் செல்வதே கதை. திரைப்படம் இசை நாடகமாக எடுக்கப்பட்டதன்று. ஆகவே மேடைக்கெனப் புதிய பாடல்கள் வேண்டியிருந்தன. அவற்றை இயற்றியவர்கள் றொபேட் லோபஸ், கிறிஸ்டன் அண்டர்சன் லோபஸ் என்னும் கணவன் மனைவியர்; பின்னர் 2013 இல் 'புரோஸன்' படப் பாடல்களால் உலகப் புகழ் பெற்றவர்கள். நெறியாளர் பீற்றர் புறோசியஸ், மினியாப்பொலிஸ் நகரச் சிறுவர் நாடகக் குழுவில் பணியாற்றியவர். பாவைகளைச் செய்தவர் மைக்கல் கறி. 1997 இல் நியூயோர்க் நகரில் மேடையேறிய 'லயன் கிங்' நாடகத்தின் முகமூடிகளையும் பாவைகளையும் ஜூலி ரேமோர் அம்மையாருடன் சேர்ந்து உருவாக்கியவரும் அவரே.

மேடையிலே மீன்களை நீந்தவிடுவது எங்ஙனம்? கயிற்றால் ஆட்டலாம், கறுப்புத் துணிக்குப் பின் ஒளிந்திருந்து கோலால் ஆட்டலாம். இவர்களோ அவ்வாறு ஒளியவில்லை. மீனை ஏந்திய நடிகர், மீனின் நிறத்துக்கு ஒத்த உடையணிந்து, முகத்தை மூடாமல், எல்லோரும் காண நின்று பாடி ஆடினார். கையிலே பாவை மீன்; கண்ணெதிரே முழு மனிதன். ஆயினும், இரண்டாம் பாட்டு முடியுமுன்னரே சிறுவர்கள் மனிதனை மறந்து மீனோடு பேசத் தொடங்கிவிடுவார்கள்!

இது புதிய உத்தியன்று. சப்பான் நாட்டுப் 'புன்றாக்கு'ப் பாவைக் கூத்திலே ஒரு பாவையை மூவர் ஆட்டுவர். தலைமை ஆட்டுநர் தலையையும் வலக்கையையும், ஏனைய இருவர் இடக்கையையும் கால்களையும் இயக்குவர். மூவரும் அவையோர் கண்முன்னேதான் நிற்பர். கால் பழகப் பத்தாண்டு, இடக்கை பழகப் பத்தாண்டு என்பது அவர்களின் மரபுவழிக் கணக்கு. நம் நாட்டுக்கூத்திலும் அண்ணாவியார் மத்தளத்தோடு களரியிலேயே நிற்கிறார். அவர் நிற்பதால் அருச்சுனனின் தவம் எவருக்காவது பொய்யாகத் தோன்றியதுண்டோ?

இனிப் பின்புறம் செல்வோம். இங்கே கூறுவன இவ்வகைப் பெரிய இசை நாடக அரங்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. முதலிற் கண்ணிற் படுவது இருள். மேடையில் ஒளி வெள்ளம். பத்து அடி பின்னே வந்தால் கை தெரியாது. தரையிலும் படி விளிம்புகளிலும் இருளில் ஒளிரும் நாடாக்கள் ஒட்டப்பட்டிருக்கும். நடிகர் அவற்றைக் கொண்டே வழி அறிவர். அருகே நீண்ட மேசையொன்று. அதன்மேல் கோடிட்டுப் பிரித்த கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் பெயர். வாளாயினும் விளக்காயினும் அதனதன் கட்டத்திலிருந்தே எடுக்கவேண்டும். அக்கட்டத்திலேயே திருப்பி வைக்கவேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால், ஏதோ குறைகிறது என்று நாடகம் தொடங்குமுன்னரே தெரிந்துவிடும். நம் வீட்டு அடுக்களையிலும் மாணவர் மேசையிலும் இம்முறையைக் கைக்கொண்டால் எவ்வளவோ தேடல் மிச்சமாகும்!

மேடை நிருவாகி என்பவர் ஒருவர் காதிலே கருவி பொருத்தி, முன்னே கைப்பிரதியை விரித்து வைத்திருப்பார். விளக்கு மாறுவதும், திரை ஏறுவதும், ஒலி எழுவதும், நடிகர் கம்பியில் உயர்வதும் அவர் சொல்லும் ஒரு சொல்லிலேயே நடக்கும். முதலில் 'ஆயத்தம்' என்பார். பிறகு உரிய கணத்தில் 'செல்' என்பார். அந்தச் சொல் பிறவாமல் ஒருவரும் விசையைத் தொடலாகாது. பாட்டின் தாளத்தோடு ஒளி மாறும்போது நாம் வியந்து கை தட்டுகிறோமே, அத்தாளத்தை இருட்டிலிருந்து எண்ணுபவர் அவர்.

பக்கத்திரையின் ஓரத்தில் உடை மாற்றுநர் காத்து நிற்பர். நடிகர் உள்ளே ஓடி வருவார்; ஒருவர் மேலுடையைக் கழற்ற, மற்றவர் புதியதை மாட்ட, சில நொடிகளில் அவர் வேறொருவராக மேடைக்குத் திரும்புவார். பொத்தான் பூட்டி நிற்க அவகாசம் இல்லையாதலால், அழுத்தியவுடன் ஒட்டும் பட்டைகளை உடைகளில் தைத்திருப்பர். பாவைகளுக்கோ தனியே ஒரு பட்டறை. நாளொன்றுக்குப் பல முறை ஆடும் நாடகத்தில் துணி கிழியும், மூட்டுத் தளரும், நிறம் மங்கும். இரவிலே அவற்றைத் தைத்தும் முறுக்கியும் தீட்டியும் காலையிற் புதியனவாக்கி வைப்பவரின் முகத்தை அவையோர் ஒருநாளும் காண்பதில்லை.

பாவையை ஏந்துவோர் கற்கும் பாடம் நுட்பமானது. ஆட்டுநர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் அவையோரும் பார்ப்பர். அவர் கண்ணைப் பாவைமேல் வைத்தால் அவையின் கண்ணும் பாவைமேலே நிற்கும். அவர் கூட்டத்தை நோக்கினால் பாவை அக்கணமே வெறுந் துணியாகிவிடும். தம்மை மறைத்துக்கொள்ள அவர் கையாளும் திரை, தம் கவனத்தைத் தவிர வேறில்லை. மீன் பேசாது நிற்கும் வேளையிலும் ஆட்டுநர் கை ஓய முடியாது; நீரிலே மீன் அசையாதிருப்பது ஏது? பாரம் தோளை அழுத்த, மூச்சைப் பாட்டுக்கும் பங்கிட்டுக்கொடுத்து, காலையில் ஆடியதையே மாலையிலும் புதிதாக ஆடவேண்டும். அவருக்கு அது நூறாவது முறையாக இருக்கலாம். முன்வரிசைக் குழந்தைக்கு அதுவே முதன்முறை.

இவ்வேலையில் ஆபத்தும் உண்டு. ஆகையால் உயரத்திற் பறப்பவரின் கச்சையையும் கொக்கியையும் ஒருவர் பூட்டிய பின் மற்றொருவர் சரிபார்ப்பது விதி. அதே பூங்காத் தொகுதியின் வேறோர் அரங்கில், 2009 ஆகஸ்டில், வீர விளையாட்டுக் காட்சி ஒன்றின் ஒத்திகையிலே குட்டிக்கரணம் போட்ட இளம் நடிகர் ஒருவர் காயமுற்று உயிரிழந்தார். பலகாலும் பழகிய செயலிலும் அபாயம் மறைந்திருக்கும் என்பதை இத்தகைய நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

வேறொரு வகை ஆபத்து 2020 இல் வந்தது. பெருந்தொற்று நோய் காரணமாக அவ்வாண்டு மார்ச்சு நடுப்பகுதியில் பூங்காக்கள் மூடப்பட்டன. சூலை 11 இல் அனிமல் கிங்டம் மீண்டும் திறந்தபோது, மேடை நடிகர் தொழிற்சங்கத்தினர் அங்கு இல்லை. நோய்ப் பரிசோதனை வசதி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. முகத்தை மூடிக்கொண்டு பாடவோ நடிக்கவோ முடியாதவர்கள் அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை. ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் செப்டெம்பர் இறுதியில், அமெரிக்காவில் தன் ஊழியர் 28,000 பேரை நீக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. புளோரிடாப் பூங்காக்களின் சங்க நடிகர்களில் 700 பேருக்கு மேற்பட்டோரும் வேலை இழந்தனர். 'நடிகர் குழுவினர்' என்ற அழகிய பெயர் அவர்களைக் காக்கவில்லை.

சுமார் 40 நிமிடம் நடந்த அந்த நீமோ நாடகம் பழைய வடிவில் மீண்டும் மேடையேறவே இல்லை. 2022 சூன் 13 இல் அதே அரங்கில் அதற்குப் பதிலாக வந்தது சுமார் 25 நிமிட நாடகம். பாவைகளும் பழைய பாடல்கள் பலவும் அதில் உண்டு. பின்னணியில் ஒளிப்படத் திரையும் சேர்ந்தது. பாவையைப் பெட்டியிற் பூட்டி வைத்து இரண்டாண்டின் பின் எடுக்கலாம். ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து, இருளிலே மோதாமல் ஓடப் பழகிய குழுவை அங்ஙனம் பூட்டி வைக்க முடியாது. வேலை போனவர் வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் போய்விடுவர்; கைப்பழக்கமும் அவர்களோடு போய்விடும்.

பின்புறத்தைக் கண்டால் வியப்பு அழியுமா என்ற வினாவுக்கு வருவோம். அழிவது ஒன்று உண்டு. எல்லாம் தாமாகவே நடக்கின்றன என்ற எண்ணம் அழியும். அது அழிவதால் நட்டமில்லை. மீன் நீந்துவதைக் கண்டு மகிழ்ந்த குழந்தை, அதனை நீந்தவைத்த தோளையும் கண்டால், மகிழ்ச்சியோடு மதிப்பும் சேரும். மறைக்கப்பட்ட ஊழியரை மறப்பது எளிது. கண்ணால் கண்டவரை மறப்பது அவ்வளவு எளிதன்று.

நம் பாடசாலைகளிலும் ஆண்டுதோறும் கலைவிழா நடக்கிறது. நிகழ்ச்சி நிரலை அச்சிடுவோர், அரசனாகவும் அமைச்சனாகவும் நடித்தவர்களின் பெயரைப் பெரிய எழுத்தில் இடுகின்றனர். உடுப்புத் தைத்த மாணவி, விளக்குப் பிடித்த மாணவன், திரை இழுத்தவன், மறந்த அடியை ஓரத்தில் நின்று எடுத்துக்கொடுத்தவன் ஆகியோரின் பெயர்களையும் அடுத்த முறை சேர்த்து அச்சிடுங்கள். நாடகம் முடிந்ததும் அவர்களையும் மேடைக்கு அழையுங்கள். பெற்றோர் தம் பிள்ளை எந்த வேடம் என்று கேட்பதோடு நில்லாது, என்ன வேலை செய்தது என்றும் கேட்பார்களாக.