இலவசப் பயிற்சியும் இரண்டாவது ஆண்டும்

மருத்துவப் படிப்பில் சேருவதற்கான தேசியத் தகுதிகாண் நுழைவுத் தேர்வை ('நீட்') 2025-ஆம் ஆண்டில் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களில் 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம். அவற்றிலும் பாதியளவுதான் அரசுக் கல்லூரிகளைச் சேர்ந்தவை. ஏழை, எளிய மாணவர்களுக்கு இலவச 'நீட்' பயிற்சி அளிக்கப்படும் என்று மத்திய அரசும் மாநில அரசுகளும் போட்டி போட்டுக்கொண்டு அறிவித்து வரும் வேளையில், இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இலவசப் பயிற்சித் திட்டங்களின் வெற்றியைப் பறைசாற்றும் அறிக்கைகள், தங்களிடம் பயின்றவர்களில் இத்தனை பேர் 'தகுதி' பெற்றனர் என்று பெருமையுடன் கூறுவது வழக்கம். ஆனால், 2025-இல் பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 720-க்கு 144 மட்டுமே. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க, பல மாநிலங்களில் அப்பிரிவு மாணவருக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட மதிப்பெண் தேவைப்பட்டது. 150 மதிப்பெண் பெற்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் 'தகுதி' தனியார் கல்லூரியின் கதவைத் திறக்கும் சாவி. அதே மதிப்பெண் பெற்ற விவசாயக் கூலித் தொழிலாளியின் மகளுக்கு அது வெறும் காகிதம். ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் கேட்கும் கல்லூரியின் வாசலில் அவர் நிற்கக்கூட முடியாது. ஆகவே, ஓர் இலவசப் பயிற்சித் திட்டம் பயன் தந்ததா என்பதை அறிய ஒரே ஒரு கேள்வி போதும்: அதில் பயின்றவர்களில் எத்தனை பேர் அரசுக் கட்டணத்தில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தனர்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் அரசு அறிக்கையைக் காண்பது அரிது.

பாடத்துக்குப் பஞ்சமா என்றால், அதுவும் இல்லை. 2023 மார்ச் மாதத்தில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் துணையுடன் மத்திய கல்வி அமைச்சகம் 'சாத்தி' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பாட விளக்கங்கள், மாதிரித் தேர்வுகள் அனைத்தும் அதில் இலவசம். தில்லி அரசு 2025 ஏப்ரலில், தனது பள்ளிகளைச் சேர்ந்த 1.63 லட்சம் மாணவர்களுக்குப் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கும் 'நீட்' தேர்வுக்கும் இணையவழி இலவசப் பயிற்சி அளிக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தப் பயிற்சியின் காலம் 30 நாள்கள். அந்த ஆண்டு 'நீட்' தேர்வு நடைபெற்ற நாள் மே 4. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு, மூன்று ஆண்டுகள் இரவு பகலாகத் தயாராகிவிட்டு வரும் தேர்வுக்கு, தேர்வு வாசலில் நிறுத்தி ஒரு மாதம் பாடம் சொல்லித் தருவதை உதவி என்று அழைக்கலாம். வாய்ப்பு என்று அழைக்க இயலாது.

கோட்டாவிலும் சீகரிலும் பணம் கட்டிப் படிக்கும் மாணவர் உண்மையில் எதை விலைக்கு வாங்குகிறார் என்பதைச் சற்று ஆராய வேண்டும். ஆண்டுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் பயிற்சிக் கட்டணம், அதன் மீது 18 சதவீத சரக்கு-சேவை வரி, அதற்கு மேல் விடுதி வாடகை, உணவுச் செலவு. இதில் அவருக்குக் கிடைப்பது வெறும் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் அல்ல. வேறெந்தக் கவலையும் இன்றிப் படிக்கக்கூடிய ஒரு முழு ஆண்டு கிடைக்கிறது. வாரந்தோறும் தேர்வு எழுதி, எங்கே தவறினோம் என்று திருத்திக்கொள்ளும் வசதி கிடைக்கிறது. முதல் முறை இடம் கிடைக்காவிட்டால், பிளஸ் 2 முடித்த பின்னரும் மேற்கொண்டு ஓராண்டு வீட்டாரின் செலவில் தயாராகும் சலுகையும் கிடைக்கிறது. வட மாநிலங்களில் இதை 'டிராப்' எடுப்பது என்கிறார்கள். இன்றைய மருத்துவச் சேர்க்கையில் பாதி விளையாட்டு அந்த ஓராண்டில்தான் இருக்கிறது.

இதற்கு ஆதாரம் தமிழகத்திலிருந்தே கிடைத்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் தமிழக அரசு அமைத்த குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, 'நீட்' வருவதற்கு முந்தைய 2016-17 கல்வியாண்டில் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் முதல் முயற்சியிலேயே இடம் பிடித்தவர்கள் 87 சதவீதத்துக்கும் அதிகம். 2020-21-இல் அது 29 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது. எஞ்சிய 71 சதவீதத்தினர் மீண்டும் தேர்வு எழுதியவர்கள். அந்தக் குழுவின் பரிந்துரைகளை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. ஆனால், இந்தக் கணக்கை எவரும் தள்ளிவிட முடியாது.

ஓராண்டு வீட்டிலிருந்து படிப்பதென்பது ஓர் ஏழைக் குடும்பத்தில் எளிதில் எடுக்கக்கூடிய முடிவு அல்ல. பதினெட்டு வயது மகன் சம்பாதிக்கத் தொடங்கியிருக்க வேண்டிய ஆண்டு அது. அவனுக்குப் பின்னால் படிக்கும் தம்பி, தங்கையின் செலவு காத்திருக்கும். மகளாக இருந்தால், அவள் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு மாதமும் வரன் பற்றிய பேச்சு எழும். மீண்டும் எழுதினால் நிச்சயம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. வீட்டில் தனி அறையும் தடையில்லா மின்சாரமும் இல்லாத பிள்ளைக்கு, இணையதளத்தில் பாடம் இலவசமாக இருக்கிறது என்று சொல்வதில் என்ன பயன்? கையில் உள்ள ஒற்றைக் கைபேசி மாலையில் தந்தை வேலை முடிந்து வந்த பிறகுதான் கிடைக்கும் என்ற நிலையில் உள்ள வீடுகள் இந்த நாட்டில் ஏராளம். 2024-இல் நேர்ந்ததைப் போல, வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண், வழக்கு என்று முடிவுகள் இழுபறியாகும்போது, மற்றவர்கள் பொறுமையிழப்பார்கள். இந்தப் பிள்ளைகளோ கிடைத்த பி.எஸ்சி. படிப்பில் சேர்ந்துவிடுவார்கள்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் சாதித்துக் காட்டியிருக்கிறார்கள். பாட்னாவில் ஆனந்த் குமார் 2002-இல் தொடங்கிய 'சூப்பர் 30', ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கானது. பின்னாளில் அது திரைப்படமாகவும் வெளிவந்து அனைவரும் அறிந்த கதையாகிவிட்டது. மருத்துவப் படிப்பில் அதே வழியைப் பின்பற்றியது புவனேசுவரத்தின் 'ஜிந்தகி' அறக்கட்டளை. அதை நிறுவிய அஜய் பகதூர் சிங், தந்தையின் உடல்நலக் குறைவால் குடும்பம் நொடித்துப்போக, மருத்துவராகும் கனவைக் கைவிட்டுத் தேநீர் விற்றவர். 2020-ஆம் ஆண்டு 'நீட்' தேர்வில் அவரிடம் பயின்ற 19 பேரும் தேறினர். காய்கறி வியாபாரிகள், தினக்கூலிகள் போன்றோரின் பிள்ளைகள் அவர்கள். ராஜஸ்தானின் பாலைவன மாவட்டமான பார்மரில் 2012 முதல் '50 வில்லேஜர்ஸ்' என்ற அமைப்பு, கிராமப்புற ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தங்கவைத்து மருத்துவத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துகிறது. 2007-இல் தொடங்கப்பட்ட 'தக்ஷனா' அறக்கட்டளை, நவோதயா பள்ளிகளில் படித்த மாணவர்களைப் புணே அருகிலுள்ள வளாகத்தில் பிளஸ் 2-க்குப் பின் ஓராண்டு தங்கவைத்துப் பயிற்சி தருகிறது.

இவை அனைத்துக்கும் பொதுவானது, உணவும் உறைவிடமும்தான். அந்த இரண்டாவது ஆண்டை இந்த அமைப்புகள் மாணவருக்கு இலவசமாக வாங்கித் தருகின்றன. இவற்றின் வெற்றியை மிகைப்படுத்துவதும் தகாது. ஏற்கெனவே கெட்டிக்காரர்களாக உள்ளவர்களைச் சலித்து எடுத்து, இருபது, முப்பது பேருக்குப் பயிற்சி தருபவர்களின் தேர்ச்சி விகிதத்தையும், வருகிற அனைவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய அரசின் தேர்ச்சி விகிதத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

அரசுகளின் நிலை என்ன? பட்டியலினத்தவருக்கும் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் மத்திய சமூக நீதி அமைச்சகம் நடத்தும் இலவசப் பயிற்சித் திட்டத்தில் நாடு முழுவதற்குமாக ஆண்டுக்கு வகுக்கப்பட்ட இடங்கள் 3,500. அதுவும் குடிமைப் பணி, வங்கிப் பணி, பொறியியல், மருத்துவம் என எல்லாத் தேர்வுகளுக்கும் சேர்த்து! ஒரு பெரிய மாவட்டத்துக்கே போதாத எண்ணிக்கை இது.

தில்லியில் 2018-இல் தொடங்கப்பட்ட 'ஜெய்பீம்' முதலமைச்சர் திறன் மேம்பாட்டுத் திட்டம் நல்ல நோக்கம் கொண்டது. ஏழை மாணவர் தனியார் பயிற்சி மையத்தில் சேரலாம், கட்டணத்தை அரசு செலுத்தும், மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகையும் உண்டு என்றார்கள். ஆனால், மையங்களுக்குச் சேர வேண்டிய தொகை நிலுவையில் நின்றது, திட்டம் முடங்கியது, மாணவர்கள் நடுவழியில் விடப்பட்டனர். பயிலாத மாணவர்களின் பெயரில் மையங்கள் பணம் கேட்டதாகவும் புகார் எழுந்து, 2025-இல் ஊழல் தடுப்புப் பிரிவின் விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. தவறு அரசிடமா, மையங்களிடமா என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். நட்டப்பட்டவர் யார் என்பதைச் சொல்ல விசாரணை தேவையில்லை.

இதனுடன் ஒப்பிட்டால், ராஜஸ்தான் அரசு 2021-இல் தொடங்கிய 'அனுப்ரதி' திட்டம் ஒரு படி மேலானது. ஊரை விட்டு வந்து தங்கிப் பயிலும் மாணவருக்கு உணவு, உறைவிடத்துக்காக ஆண்டுக்கு 40 ஆயிரம் ரூபாய் வழங்க அதில் வழிவகை செய்யப்பட்டது. கோட்டாவில் அந்தத் தொகை போதுமா என்பது வேறு விஷயம். மாணவருக்கு வயிறும் உண்டு, தலைக்கு மேல் கூரையும் தேவை என்று கோப்பில் எழுதியதே பெரிது. ஹைதராபாதை அடுத்த கௌலிதொட்டியில் உள்ள அரசு சமூகநல உறைவிடக் கல்வி நிலையமோ இன்னும் நேரான வழியில் செல்கிறது. தனியாருக்குப் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, பட்டியலின மாணவர்களை அரசே தங்கவைத்து நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார்ப்படுத்துகிறது.

இந்த வழியை நாடெங்கும் விரிவாக்குவதற்குப் புதிய கட்டடங்கள் கூடத் தேவையில்லை. நாட்டில் 650-க்கும் மேற்பட்ட நவோதயா பள்ளிகள் இருக்கின்றன. விடுதி, உணவுக்கூடம், ஆய்வகம், ஆசிரியர்கள் என எல்லாம் அங்கே உண்டு. பிளஸ் 2 முடித்த அன்றே மாணவர் அந்த விடுதியைக் காலி செய்துவிட வேண்டும் என்ற நிலையை மாற்றி, மண்டலத்துக்குச் சில பள்ளிகளிலாவது, அக்கம்பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் சேர்த்து, ஓராண்டு உறைவிடப் பயிற்சியை மத்திய அரசு தொடங்கலாம். தமிழகத்தில் நவோதயா பள்ளிகள் இல்லாததால், இங்கு மாநில அரசின் உறைவிடப் பள்ளிகளைக் கொண்டு அதைச் செய்ய வேண்டியிருக்கும்.

பயிற்சி மையங்களின் பிடியிலிருந்து கல்வியை மீட்க வேண்டிய நேரத்தில், அரசே பயிற்சி மையம் நடத்துவதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. 2025-இல் வெளியான தேசிய மாதிரி ஆய்வின்படி, பள்ளி மாணவர்களில் 27 சதவீதம் பேர் தனிப்பயிற்சிக்குச் செல்கின்றனர். 2024 ஜனவரியில் 16 வயதுக்குட்பட்டவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பயிற்சி மையங்களைச் சார்ந்திருக்கும் நிலையைக் குறைப்பது குறித்து ஆராய 2025 ஜூன் மாதம் உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையில் குழுவும் அமைக்கப்பட்டது. குழு ஆராயட்டும். பள்ளிப் பாடமே தேர்வுக்குப் போதுமானதாக மாறும் நாள் வரட்டும். அதுவரை ஆண்டுதோறும் பிளஸ் 2 முடித்து வெளியே வரும் ஏழைப் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்? கோட்டாவில் 2023-இல் மட்டும் 20-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதை மறந்துவிட்டு, அதே அழுத்தத்தை இலவச விடுதிகளிலும் உருவாக்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். குடும்பத்தின் ஒரே நம்பிக்கையாகத் தன்னைக் கருதும் பிள்ளைக்கு, தோல்வியின் பாரம் மற்றவர்களைவிட அதிகம்.

பயிற்சி மட்டுமே போதும் என்று அரசுகள் எண்ணுவதும் தவறு. தமிழக அரசு 2017 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவச 'நீட்' பயிற்சி அளித்தும், முதல் ஆண்டுகளில் மருத்துவக் கல்லூரிகளில் இடம் பெற்ற அம்மாணவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தனர். 2020-இல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்த பிறகுதான் அந்த எண்ணிக்கை ஒரே ஆண்டில் முந்நூறைத் தாண்டியது. அவர்களில் சிலர், இடம் கிடைத்தும் தனியார் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த வழியின்றித் திகைத்து நிற்க, அக்கட்டணத்தையும் அரசே ஏற்க வேண்டியதாயிற்று.

பிற மாநிலங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கலந்தாய்வில் ஒதுக்கீடு கிடைத்த சில நாள்களுக்குள் கட்டணம், விடுதி முன்பணம், பயணச் செலவு ஆகியவற்றுக்குப் பணம் புரட்ட வேண்டும். எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் குறிப்பிடுவது என்று சொல்லித் தர அந்த வீட்டில் ஆள் இருக்காது. இலவசப் பயிற்சித் திட்டம் தேர்வு நாளன்று முடிந்துவிடாமல், மாணவர் கல்லூரியில் சேரும் நாள் வரை நீள வேண்டும். அடுத்த தேர்வுக்கான வகுப்புகள் ஏப்ரலில் அல்ல, முந்தைய ஆண்டு ஜூலையிலேயே தொடங்க வேண்டும். ஆண்டு முடிவில் அரசு வெளியிடும் பட்டியலில், தேர்வு எழுதியவர்கள், தகுதி பெற்றவர்கள் என்ற இரண்டு பத்திகளுக்கு அடுத்து, அரசுக் கட்டணத்தில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் என்ற மூன்றாவது பத்தியும் இடம்பெற வேண்டும்.