அக்காவின் தோள்வலியும் அத்தானின் வண்டியும்

சென்ற இதழில் முருங்கைக்கீரை அடை எழுதியவள் இந்த இதழில் வண்டிச் சக்கரம் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. விஷயம் என் அக்காவின் தோள்வலி.

2023 கோடையில் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அவர்களிடம் 1973-ல் ஜெர்மனியில் செய்த ஃபோக்ஸ்வேகன் வேன் ஒன்று. உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. அத்தானுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அக்காதான் ஓட்டுகிறாள். ஆறு மாதமாக ராத்திரி தூக்கமில்லாத தோள்வலி. டாக்டர் எலும்பில் கோளாறில்லை என்றுவிட்டார். "வயசாகுதில்ல" என்றார் அத்தான்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து போனபோதுதான் பார்த்தேன். நேர் ரோட்டில் கூட வண்டி அலைபாய்கிறது. அக்கா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டுகிறாள். "பழைய வண்டி, அப்படித்தான் போகும்" என்றார் அத்தான்.

வீட்டுக்கு வந்து முன் டயரைத் தடவினேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு. எதிர்ப்பக்கம் தேங்காய்த் துருவி மாதிரி அறுக்கிறது. உள் ஓரம் நன்றாகத் தேய்ந்திருந்தது. இரண்டு சக்கரமும் முன்னால் வெளிப்பக்கம் விரிந்து ஓடினால் இப்படித்தான் தேயுமாம். அத்தான் சொல்லவில்லை, கையேடு சொன்னது.

மறுநாள் சமதளத்தில் வண்டியை நிறுத்தினோம். முதலில் காற்று சரிபார்த்தோம். ஜாக்கி ஏற்றி, கீழே ஸ்டாண்டும் கொடுத்து (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடவே கூடாது), சக்கரத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டினோம். ஆட்டமில்லை. மூட்டு தேய்ந்திருந்தால் அளப்பதே வீண். சக்கரத்தைச் சுற்றவிட்டு டயர் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. கோலம் போட்ட கை, பிசகவில்லை! இறக்கி, வண்டியைக் கொஞ்சம் உருட்டி நிலைக்க விட்டோம். இரு கோடுகளுக்கும் நடுவே முன்பக்கம் டேப் பிடித்தோம். பிறகு அரைச்சுற்று உருட்டி, அதே குறி பின்னால் வந்ததும் அதே உயரத்தில் அளந்தோம். முன்பக்கம் 6 மில்லிமீட்டர் அதிகம்! இருக்கவேண்டியது முன்பக்கம் சற்றே குறைவாக.

சக்கரங்களைத் திருப்பும் டை ராடு இரண்டு. ஒரு முனை சாதாரண மரை, மறுமுனை எதிர்மரை. பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகினால் நீளும், குறையும். இரண்டையும் சமமாகத் திருகாவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். நாங்கள் முதலில் தப்புப் பக்கம் திருகி, 6 என்பது 10 ஆயிற்று. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தான் அப்போதுதான் வாயைத் திறந்தார்: "போன வருஷம் ராடு முனையை மாத்தினேன். கண்ணாலதான் அளந்தேன்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பேனரை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

கால் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் உருட்டி அளந்து, முன்பக்கம் 2 மில்லிமீட்டர் குறைவு என்று நிறுத்தும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சக்கரம் நெட்டுக்குத்தாக நிற்கும் சாய்மானத்துக்குக் கருவி வேண்டும். அதை ஒர்க்‌ஷாப்பில் பார்க்கச் சொன்னோம்.

அடுத்த வாரம் ஸ்கார்பரோ கடற்கரைக்குப் போனோம். யார்க் தாண்டியதும் அக்கா இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அத்தான் பார்த்தும் பார்க்காததுபோல் ஃபிளாஸ்க்கிலிருந்து அவளுக்குக் காபி ஊற்றினார்.