பதினோராவது மெஷின்

வாழ்வாதார உதவியெண்டால் தையல் மெஷின். வடக்கு கிழக்கில் இது பழகிப்போன காட்சி. ஆனால் நேர்த்தையல் மட்டும் போடுற மெஷினில் ரீசேட் தைத்தால், இழுபடேக்க நூல் அறும். பருத்தித்துணியின் ஓரம் தோய்க்கத் தோய்க்கப் பிரியும். ஓவர்லொக் ஓரத்தை வெட்டிக்கொண்டே 3 அல்லது 4 நூலால் சுற்றிக் கட்டும். துணியோடு தையலும் இழுபடும். வெட்டுத்துண்டுகளைப் பொருத்திப் போர்வை தைக்கவும் அது கெதியான வழி.

சிப், பட்டன் ஓட்டை அதால ஏலாது. அதுக்குப் பழைய மெஷின்தான் வேணும். ஆக, ஆளுக்கொன்று தேவையில்லை. பத்து வீட்டுக்கு ஒன்று போதும். காமென்ற்ஸில் அதே மெஷினில் வருசக்கணக்காய் வேலை செய்த அக்காமார் எங்கட ஊர்களிலேயே இருக்கினம். பழக்கிவிட ஆள் தேடத் தேவையில்லை.

கொடுப்பவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: பத்து மெஷின் கொடுத்தால், பதினோராவது ஓவர்லொக்காக இருக்கட்டும்.