முதல் தெரிவைக் கொடுத்தால் மானம் போய்விடாது



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். கழகத்தின் வட்ஸ்அப் குழுமத்தில் மூன்று நாளாகச் சண்டை. அங்கே இரண்டு வரி எழுதி முடிப்பதற்குள் இருபது ஸ்டிக்கர் வந்துவிடுகிறது, சொன்னது மேலே ஏறிக் காணாமல் போய்விடுகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறோம். எழுதுவது ஒரு கை, சொல்வது ஐந்தாறு பேர். பாடசாலையில் படிப்பிக்கிறவர்களும், முழங்கால் தேய்ந்து மைதானத்தை விட்டு வெளியே வந்த பழைய ஆட்டக்காரர்களும்.

விசயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். நம் லீக்கில் எட்டு அணி. ஒவ்வொரு அணியும் எட்டுப் பேரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். மிச்சப் பேர் எல்லாரும் பொதுப் பட்டியலுக்குப் போவார்கள். அதிலிருந்து ஆறு சுற்றில் ஆளெடுப்பு, அதைத்தான் பொடியன்கள் டிராஃப்ட் என்கிறார்கள். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. இரண்டாவது சுற்றில் வரிசை தலைகீழாகத் திரும்பும், மூன்றாவதில் மறுபடி நேராகும். போன வருடம் கடைசி யார் என்று கேட்காதீர்கள். நாம்தான்.

ஆகவே நம் கையில் 1, 16, 17, 32, 33, 48 ஆகிய தெரிவுகள். நாலாவது இடத்தில் நிற்கும் கழகம் ஒன்று ஆள் அனுப்பிக் கேட்கிறது: முதலாவதையும் கடைசி 48ஐயும் எங்களுக்குத் தாருங்கள், எங்கள் 4ஐயும் 13ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். சம்மதித்தால் நம் கையில் 4, 13, 16, 17, 32, 33. அதாவது முதல் பதினேழு பேரில் மூன்று பேர் எடுக்கவேண்டிய இடத்தில் நாலு பேர் எடுக்கலாம். இழப்பது முதலாவது இடத்தில் வரும் ஒரு பெயர்.

அந்தப் பெயர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை, கொழும்பில் கழகத்துக்கு விளையாடுகிறான், இடது காலால் அடித்தால் கோல் காப்பாளர் கையைத் தூக்கவும் நேரம் இருக்காது. நல்ல பிள்ளை, பணிவான பிள்ளை. அவனைப் பற்றி இங்கே ஒரு குறையும் சொல்லப் போவதில்லை. ஆனால் அவன் பெருநாள் விடுமுறைக்குத்தான் ஊருக்கு வருகிறான். கழகம் கூப்பிட்டால் இரவு பஸ்ஸில் ஏறவேண்டியவன். ஏழு ஆட்டத்தில் எத்தனைக்கு இருப்பான் என்று அவனே சொல்ல மாட்டான்.

"முதல் தெரிவை விற்றால் ஊர் சிரிக்கும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, கடைசியாக வந்தபோதே ஊர் சிரித்துவிட்டது. இனிமேல் சிரிப்பதும் அழுவதும் அணியில் இருக்கிற பதினொரு பேரைப் பொறுத்தது.

இந்த டிராஃப்ட் என்கிற முறை பிறந்து வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே ஃபுட்பால் என்பது நம் உதைபந்தாட்டம் இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஆனால் ஆளெடுக்கிற கணக்கு ஒன்றுதான். 1999இல் நியூ ஓர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கு மைக் டிட்கா என்ற பயிற்சியாளர். ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரன் மேல் அவருக்குப் பித்து. 12ஆவது இடத்திலிருந்து 5ஆவதுக்கு ஏறுவதற்காக அந்த வருடத் தெரிவுகள் அத்தனையையும், அடுத்த வருடத்தின் முதலாம், மூன்றாம் சுற்றுத் தெரிவுகளையும் வாஷிங்டன் அணிக்குக் கொடுத்தார். ஒரு வருடத்து டிராஃப்ட் முழுவதற்கும் ஒரே ஒரு ஆள்! அந்தப் பருவத்தில் செயின்ட்ஸ் 16 ஆட்டத்தில் மூன்றில்தான் வென்றது. டிட்காவின் வேலை போயிற்று. செயின்ட்ஸ் அவ்வளவு மோசமாக ஆடியதால் வாஷிங்டனுக்குப் போன அடுத்த வருடத் தெரிவு நாட்டிலேயே இரண்டாவது தெரிவாக வந்து விழுந்தது. வில்லியம்ஸ் மோசமான ஆட்டக்காரனா? இல்லை, பின்னாளில் நன்றாகவே ஆடினான். அவனைச் சுற்றி ஆள் இருக்கவில்லை.

பொருளாதாரத்துக்கு 2017இல் நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தேலரும், கேட் மாஸி என்பவரும் அந்த நாட்டு டிராஃப்ட்களைப் பல வருடக் கணக்கெடுத்து ஆராய்ந்தார்கள். 2013இல் அச்சில் வந்தது. ஒரே இடத்தில் ஆடுகிற இரண்டு பேரில், முன்னால் எடுக்கப்பட்டவன் அடுத்ததாக எடுக்கப்பட்டவனை விட நன்றாக ஆடுவது நூற்றுக்கு 52 தடவைதான். நாணயம் சுண்டினால் 50. கோடிக்கணக்கில் செலவழித்து, நிறுத்துக் கடிகாரமும் கமராவும் வைத்துப் பார்க்கிறவர்களுக்கே அவ்வளவுதான் தெரிகிறது என்றால், மைதான மதிலில் குந்திக்கொண்டு பார்க்கிற நமக்கு எவ்வளவு தெரியும்? (அவர்களின் ஆராய்ச்சியில் சம்பளக் கணக்கும் சேர்கிறது, நம் லீக்கில் சம்பளம் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

நம் ஆட்டத்திலேயே உதாரணம் வேண்டுமா? 2017இல் இந்தியன் சூப்பர் லீக் டிராஃப்ட். முதல் ஆளாக ஜம்ஷெட்பூர் எடுத்தது மலப்புறத்துப் பின்கள வீரர் அனஸ் எடத்தொடிக்காவை, 1 கோடி 10 இலட்சம் இந்திய ரூபாய்க்கு. அருமையான ஆட்டக்காரர். காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்டார். அணி ஐந்தாவதாக வந்தது, நாலு அணிக்குத்தான் அரையிறுதி.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு தனிப் பாடம் உண்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் நேரம் "இந்தப் பிள்ளைதான்" என்று நாங்கள் விரல் நீட்டிய பிள்ளைகளைப் பதினெட்டு வயதில் பார்த்திருக்கிறோம். சில பேர் நாங்கள் சொன்னபடி வந்தார்கள். பின்வாங்கில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த சில பேர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். ஆறு வருடம் தினமும் பார்த்த பிள்ளையையே எங்களால் சரியாகக் கணிக்க முடியவில்லை.

2020இல் லங்கா பிரீமியர் லீக் முதல் தடவை நடந்தது ஞாபகமிருக்கும். அதுவும் டிராஃப்ட்தான். யாழ்ப்பாண அணியில் திசர பெரேரா போன்ற பெரிய பெயர்கள் இருந்தன. அவர்களுக்குப் பின்னால் பதினெட்டு வயதுப் பொடியன் ஒருவனும் இருந்தான், யாழ் மத்திய கல்லூரி விஜயகாந்த் வியாஸ்காந்த். முதல் ஆட்டத்திலேயே அஞ்சலோ மத்தியூஸை ஆட்டமிழக்கச் செய்தான். கிண்ணம் யாழ்ப்பாணத்துக்கு. 2024இல் அவன் ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்குப் பந்து வீசினான். பெரிய பெயருக்குப் பின்னால் ஊர்ப் பிள்ளைக்கும் இடம் வைத்திருந்தார்கள், அதைத்தான் நாங்கள் சொல்கிறோம்.

இப்போது எங்கள் உண்மையான கவலைக்கு வருகிறோம்.

பொதுப் பட்டியலில் நம் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் ஏ.எல். எழுதி முடித்தவர்கள், அஸர் தொழுத கையோடு நம் மைதானத்துக்கு வருகிறவர்கள். ஒருவன் கோல் காப்பாளன், ஒருவன் நடுப் பின்களம், மற்றவன் மத்தியகளத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறவன். வைத்துக்கொள்ளும் எட்டுப் பேரில் மூத்தவர்களுக்கே இடம் போய்விட்டது. மற்றக் கழகங்களும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை, போன மாதம் பயிற்சி நேரத்தில் மதில் ஓரத்தில் யார் யார் வந்து நின்றார்கள் என்று பார்த்தீர்கள்தானே? முதலாவதில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு 16 வரைக்கும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த மூவரில் யார் மிஞ்சுவான்? 4உம் 13உம் இருந்தால் இரண்டு பேரையாவது நிச்சயம் பிடிக்கலாம். 16, 17இல் மூன்றாமவனும் கிடைக்கலாம்.

போன வருடம் இப்படித்தான் ஒருவனை விட்டோம். வேறு கழகத்து ஜேர்ஸியில் நம் மைதானத்துக்கு வந்து நம் வலைக்குள்ளேயே கோல் போட்டான். போட்டுவிட்டுக் கொண்டாடவில்லை, தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். அதற்குப் பிறகு நம் பயிற்சிக்கு வருவதில்லை. அவன் வாப்பா சந்தையில் எங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்.

இன்னொன்று. போன வருடம் எடுத்த ஆறு பேரில் இரண்டு பேர் போட்டி முடியுமுன் கட்டாருக்கு விமானம் ஏறிவிட்டார்கள். ஒருவருக்குச் சீனக்குடாப் பக்கம் வேலை கிடைத்து இரவு ஷிப்ட். குற்றம் சொல்ல முடியாது, வயிற்றுப்பாடு. நம்மைப் போன்ற ஊரில் கழகம் நடத்துகிறவர் ஆள் குறையும் என்று நினைத்தே ஆளெடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. போன வருடம் நாம் தோற்றது கோல் போட ஆளில்லாமல்தான். 13ஆவதில் கிடைக்கிறவன் அந்த இடது காலுக்கு ஈடாக மாட்டான். கூடைப்பந்து என்றால் நாங்களும் முதல் தெரிவை விடமாட்டோம். அங்கே ஐந்து பேர்தான், நல்லவன் ஒருவன் ஆட்டம் முழுக்கப் பந்தைக் கையில் வைத்திருப்பான். 2003இல் லெப்ரோன் ஜேம்ஸை முதலாவதாக எடுத்த கிளீவ்லாந்திடம் போய்க் கீழே இறங்கச் சொல்ல முடியுமா? ஆனால் உதைபந்தாட்டத்தில் முன்களத்தில் நிற்பவனுக்குப் பந்து வரவேண்டும். போன வருடம் நம் பந்து நடுக்கோட்டைத் தாண்டியதே பெரிய விசயம்.

கடைசியாகப் பணம். கட்டாரிலிருக்கும் நம் சகோதரர் ஒருவர், நட்சத்திரத்தை எடுத்தால் ஜேர்ஸியும் பஸ் செலவும் தன் பொறுப்பு என்றிருக்கிறார். நல்ல மனதோடு சொல்கிறார், அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்யட்டும். அவரிடம் எங்கள் கேள்வி ஒன்றுதான்: காக்கா, அந்த ஜேர்ஸியை நம் தெருப் பிள்ளை போட்டால் அதே பணத்தைத் தருவீர்களா? தருவார் என்றுதான் நினைக்கிறோம். யாரும் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.

கேட்காமலே இஷாவுக்குப் பிறகு நாலு பேர் கூடி "முதல் தெரிவு கொடுக்கப்படாது" என்று முடிவெடுத்ததாகச் செய்தி வந்திருக்கிறது. அப்படி ஒரு மஷூரா நடந்தது கழக உறுப்பினர்களில் பெரும்பாலானவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்துக்கு வாருங்கள். பொதுப் பட்டியலின் பிரதி ஒன்றும் கொண்டுவருகிறோம், யார் எந்த இடத்தில் போவார் என்று எல்லார் முன்னாலும் எழுதிப் பார்ப்போம். அதுவரைக்கும் அந்தக் கழகத்துக்கு "இல்லை" என்று யாரும் பதில் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.