ஆய்வகங்களின் மின்கணக்கு மாநாட்டு மேடைக்கு வரட்டும்

நிலைப்பாட்டு அறிக்கை

ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடும் ஆய்வகங்களை வடிவமைக்கும் அறிவு, தொழில்முறை மாநாடுகளில் தடையின்றிப் பகிரப்பட வேண்டும். அப்படிப் பகிரப்படுவது, கட்டடம் இயங்கத் தொடங்கிய பிறகு மீட்டரில் அளந்த கணக்காக இருக்க வேண்டும். எது எதிர்பார்த்தபடி வரவில்லை என்பதும் அந்தக் கணக்கோடு சேர்ந்தே வர வேண்டும். கட்டடக் கலைஞர்கள், குளிர்சாதனப் பொறியாளர்கள், பாதுகாப்பு அலுவலர்கள், ஆராய்ச்சியாளர்கள், பராமரிப்பு ஊழியர்கள் ஆகியோர் சேர்ந்த எங்கள் மன்றம், விவாதித்து ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு இது. எங்கள் உறுப்பினர்களையும் நாங்கள் நடத்தும் மாநாடுகளையும் இது கட்டுப்படுத்தும்.

ஆய்வகம் என்பது மின்சாரத்தை அள்ளி விழுங்கும் கட்டடம். அதே பரப்புள்ள அலுவலகத்தைவிட 5 முதல் 10 மடங்கு ஆற்றல் அதற்குத் தேவைப்படும் என்பது அமெரிக்க அரசு முகமைகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. இதில் பெரும்பங்கு காற்றுக்குப் போகிறது. அலுவலகத்தில் குளிர்ந்த காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்ற விடலாம். கரைப்பான்களையும் அமிலங்களையும் கையாளும் அறையில் அது கூடாது. உள்ளே வந்த காற்று முழுவதும் கூரைக்கு மேலே வெளியேற வேண்டும். வெளியேறிய அளவுக்கு வெளிக்காற்றைப் புதிதாகக் குளிர்வித்து உள்ளே தள்ள வேண்டும்.

நச்சு ஆவி ஆய்வாளரின் முகத்துக்கு வராமல் இழுத்துச் செல்லும் ஃபியூம் ஹூட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திறப்பின் அகலம் 1.5 மீட்டர், கண்ணாடிக் கதவு அரை மீட்டர் உயர்த்தப்பட்டிருக்கிறது, முகப்பில் காற்றின் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். அப்படியானால் மணிக்கு 1,350 கன மீட்டர் காற்று வெளியே போகிறது. சென்னையில் புழுக்கம் மிகுந்த ஒரு பிற்பகலில் அத்தனை காற்றையும் 13 டிகிரிக்குக் குளிர்வித்து ஈரத்தை நீக்க, 6 டன்னுக்கும் அதிகமான குளிர்த்திறன் வேண்டும். வீடுகளில் மாட்டும் 1.5 டன் ஏ.சி. நான்கு சேர்ந்தாலும் போதாது. இது ஒரே ஒரு ஹூடுக்கான கணக்கு. பெரிய வேதியியல் கட்டடங்களில் இவை பல பத்து இருக்கும். காற்றளவு மாறாத பழைய அமைப்பாக இருந்தால், ஆய்வாளர்கள் வீட்டுக்குப் போன பிறகும் விடிய விடிய அதே அளவு காற்று இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

சேமிப்பதற்கான இடமும் இந்தக் காற்றுதான். விசிறி எடுக்கும் மின்சாரம் காற்றளவின் முப்படிக்கு ஏற்ப மாறுகிறது. காற்றை 20 சதவீதம் குறைத்தால் விசிறியின் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். குளிரூட்டும் சுமையும் கூடவே இறங்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகம் இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறது. அறைக் காற்றின் தரத்தை உணரிகள் ஓயாமல் கவனிக்கின்றன. ஆட்கள் இருக்கும்போது மணிக்கு 4 முறையும் இல்லாதபோது 2 முறையும் காற்று மாற்றப்படுகிறது. ஆவி கசிந்ததாக உணரி சொன்னால் காற்றளவு தானாக உயர்கிறது. இவ்வாறு மாற்றியமைத்த ஆய்வகங்களில் ஆற்றல் செலவு பாதியளவுக்குக் குறைந்தது. அந்த வளாகத்தின் பொறியாளர்கள் முறையையும் முடிவையும் பொதுவில் வைத்தார்கள். அதனால்தான் இன்று அதைப் பற்றி நாம் பேச முடிகிறது.

இப்படிப் பகிரும் வழக்கம் அமெரிக்காவில் 1990களின் இறுதியில் உருப்பெற்றது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் எரிசக்தித் துறையும் சேர்ந்து ‘லேப்ஸ்21’ என்ற திட்டத்தைத் தொடங்கின. ஆய்வகம் கட்டுவோரும் நடத்துவோரும் ஆண்டுதோறும் கூடினார்கள். பின்னர் அந்த மாநாட்டை ‘ஐ2எஸ்எல்’ என்ற நிறுவனம் ஏற்று நடத்தியது. மாநாட்டைவிடவும் நீடித்துப் பயன்பட்டது, அதையொட்டி வளர்ந்த ஒப்பீட்டுத் தரவுத்தளம். நூற்றுக்கணக்கான ஆய்வகங்களின் அளந்த ஆற்றல் செலவு அதில் இருக்கிறது. ஆய்வகத்தின் பெயர் வெளியே தெரியாது. தன் கட்டடம் மற்றவற்றோடு பார்க்கையில் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவின் தட்பவெப்பத்துக்கும் இப்படி ஒரு பொதுக்கணக்கு வேண்டும் என்பது எங்கள் உறுதியான கோரிக்கை.

தட்பவெப்பத்தை நாங்கள் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆய்வக வடிவமைப்பு பற்றிப் பகிரப்படும் அனுபவத்தில் பெரும்பகுதி குளிர் நாடுகளிலிருந்தோ, இர்வின் போன்ற இதமான ஊர்களிலிருந்தோ வருகிறது. வெளியேறும் காற்றிலிருந்து வெப்பத்தை மீட்கும் முறை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஐரோப்பியக் குளிர்காலத்தில் வெளியே உறைநிலை, உள்ளே 21 டிகிரி என்றால் இடைவெளி பெரிது. வெளியேறும் குழாயிலும் உள்வரும் குழாயிலும் ஒரு சுருளை வைத்து, இரண்டுக்கும் இடையே நீரைச் சுழலவிட்டாலே நல்ல பலன் கிடைக்கும். இரு காற்றும் ஒன்றையொன்று தொடாததால் ஆபத்தும் இல்லை. சென்னையில் வெளியே 35, உள்ளே 24. இடைவெளி 11 டிகிரிதான். அதோடு, இங்கே குளிரூட்டும் சுமையில் பாதிக்கு மேல் ஈரத்தை நீக்கும் வேலை. சுருளுக்குள் ஓடும் நீர் வெப்பநிலையை மட்டுமே மாற்றும், ஈரத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகாது. ஈரத்தையும் மீட்கும் சுழல் சக்கரத்தைப் பொருத்தினால், ஹூடிலிருந்து வரும் கரைப்பான் ஆவி அதன்வழியே உள்ளே திரும்பிவிடக்கூடும். ஆகவே ஹூட் காற்றுக்கும் பொது அறைக் காற்றுக்கும் தனித்தனி வெளியேற்றம் வைத்து, பொதுக் காற்றில் மட்டும் சக்கரத்தைப் பயன்படுத்துவதா என்பதைக் கட்டடம் வரைபடத்தில் இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். குழாய்கள் போட்ட பிறகு அதைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை.

குளிர்நீர் உத்தரங்களும் அப்படித்தான். கூரையில் குளிர்ந்த நீர் ஓடும் அந்த அமைப்பு விசிறிச் செலவை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அறைக் காற்றின் பனிநிலையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைக்காவிட்டால், புழுக்கமான நாளில் யாரோ ஜன்னலைத் திறந்ததும் கருவியின் மேல் நீர் சொட்டத் தொடங்கும். காற்றை 13 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டு, அறை சில்லிட்டுப் போகிறது என்று மின்சூடேற்றியால் மறுபடி சூடாக்கும் வழக்கமும் எங்கள் கவலைக்குரியது. சுருளைச் சுற்றிவரும் வெப்பக் குழாய் அந்தச் சூட்டை ஏறக்குறைய இலவசமாகவே தரும். கடலோரத்தில் உப்புக்காற்று சுருளின் தகடுகளை அரிப்பதால், முதல் ஆண்டில் கிடைத்த சேமிப்பு சில ஆண்டுகள் கழித்தும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிகள் இந்தியாவை 5 தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கின்றன. சென்னையும் பெங்களூரும் வெவ்வேறு மண்டலம். எந்த மண்டலத்தில் அளந்தது என்று சொல்லாத சேமிப்புக் கணக்கு, கேட்பவரைத் தவறான வழியில் கொண்டுபோய் விடும்.

தோல்விகளைப் பகிர்வது குறித்து எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. சொன்னால் அடுத்த வேலை கிடைக்காதே என்ற அச்சம் நியாயமானது. ஆனாலும் இந்தத் துறையின் வரலாறு பகிர்வதன் பக்கமே இருக்கிறது. கட்டடக் கலைஞர் லூயி கான், பிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு வடிவமைத்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகம் 1960களின் தொடக்கத்தில் உலகப் புகழ் பெற்றது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்த ஒரு கட்டடத்துக்காகவே கண்காட்சி வைத்தது. உள்ளே வேலை செய்த விஞ்ஞானிகளோ, கண்கூசும் வெயிலைத் தாங்க முடியாமல் ஜன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டினார்கள். கூரையடியில் திறந்து கிடந்த குழாய்களில் தூசி சேர்ந்தது. அடுத்து கலிபோர்னியாவில் மருத்துவ விஞ்ஞானி ஜோனாஸ் சால்க்குக்காகக் கட்டிய ஆய்வு நிறுவனத்தில், கான் ஆய்வகத் தளங்களுக்கு இடையே குழாய்களுக்கென்றே ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் தளங்களை அமைத்தார். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே மேலே குழாயை மாற்றலாம். 1965இல் கட்டி முடித்த அந்தக் கட்டடம் இன்றும் ஆய்வகமாகவே இயங்குகிறது. முதல் கட்டடத்தின் குறைகள் வெளியே தெரிந்திருந்ததால் கட்டடத் துறைக்கே அது பாடமாயிற்று. விருதுப் படங்களோடு நின்றிருந்தால் அடுத்த தலைமுறையும் அலுமினியத் தாளைத்தான் தேடியிருக்கும்.

பாதுகாப்பில் நாங்கள் எந்த விட்டுக்கொடுப்புக்கும் தயாரில்லை. இர்வினின் 4, 2 என்ற எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உணரிகளையும், ஒவ்வொரு அறையிலும் என்ன வேதிப்பொருள் கையாளப்படுகிறது என்ற ஆபத்து மதிப்பீட்டையும் விட்டுவிடுவது ஆட்களின் உயிரோடு விளையாடுவது. ஹூடின் முகப்பு வேகத்தைக் குறைத்துச் சேமித்ததாகச் சொல்பவர், அந்த வேகத்திலும் ஆவி வெளியே கசியவில்லை என்ற சோதனை முடிவையும் காட்ட வேண்டும். மின்தடையின்போது ஜெனரேட்டர் எடுக்கும் வரை அறையின் அழுத்தம் எப்படி இருந்தது என்பதும் நம் நாட்டில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஹூடின் கசிவுச் சோதனையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதில் வழக்கமாகப் பயன்படும் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட 20,000 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கக்கூடியது. மாற்று வாயுவை வைத்துச் சோதித்தவர்களின் அனுபவம் மாநாடுகளில் தனியாகக் கேட்கப்பட வேண்டும்.

கட்டடத்துக்குள் நாளெல்லாம் நடக்கும் பழக்கங்களும் வடிவமைப்பைச் சேர்ந்தவையே. ஆழ் உறைபெட்டியை மைனஸ் 80இலிருந்து மைனஸ் 70க்கு மாற்றினால், அது எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் மிச்சமாகும். பல மாதிரிகளுக்கு அந்த வெப்பநிலை போதுமானது. இங்கிலாந்தில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாக்கிய ‘லீஃப்’ திட்டம், இத்தகைய பழக்கங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. கருவியின் பெயர்ப்பலகையில் அச்சிட்ட வாட் கணக்கை அப்படியே கூட்டி, குளிர்நீரைத் தரும் இயந்திரமான சில்லரின் அளவைத் தீர்மானிக்கும் வழக்கமும் மாற வேண்டும். உண்மையான சுமை அதைவிட வெகுவாகக் குறைவு என்று அளந்த இடங்களிலெல்லாம் தெரிந்திருக்கிறது. அளவுக்கு மீறிய சில்லர் குறைந்த சுமையில் திறன் கெட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் அரசு அமைப்புகளுக்கு ஒரு வார்த்தை. ஆய்வாளர் திட்ட நிதியில் கருவி வாங்குகிறார். மின்கட்டணம் நிறுவனத்தின் பொதுக் கணக்கிலிருந்து போகிறது. செலவு செய்பவருக்குச் செலவு தெரிவதே இல்லை. புதிய ஆய்வகக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும்போது தனி மீட்டர்களுக்கும், கட்டடம் திறந்த முதல் 2 ஆண்டுகளின் அளவீட்டுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். பொதுப் பணத்தில் எழும் கட்டடத்தின் ஆற்றல் கணக்கு பொதுமக்களுக்கும் உரியது.

எங்கள் பொறுப்பை இப்படி ஏற்கிறோம். அடுத்து நாங்கள் நடத்தும் மாநாட்டிலிருந்து, ‘ஆற்றல் சிக்கனமான ஆய்வகம்’ என்று வரும் எந்தக் கட்டுரையும் ஆட்கள் குடியேறிய பிறகு குறைந்தது 12 மாதங்கள் அளந்த கணக்கோடு வர வேண்டும். விசிறி, சில்லர், கருவிகள் மூன்றுக்கும் தனித்தனி எண்கள் இருக்க வேண்டும். தரைப்பரப்பு, ஹூடுகளின் எண்ணிக்கை, தட்பவெப்ப மண்டலம் ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும். கணினி உருவகப்படுத்தல் வரலாம். பக்கத்திலேயே மீட்டர் எண்ணும் இருக்க வேண்டும். இன்னும் கட்டி முடியாதவற்றுக்குத் தனி அமர்வு உண்டு, ஆனால் அங்கே பரிசு கிடையாது. எதிர்பார்த்தபடி நடக்காத ஒன்றையாவது சொல்லாத கட்டுரையை ஆசிரியரிடமே திருப்பி அனுப்புவோம்.

மேடையில் கட்டடக் கலைஞர் மட்டும் நின்றால் போதாது. அந்த ஆய்வகத்தை ஓட்டும் பராமரிப்பு ஊழியரோ, அங்கே வேலை செய்யும் ஆய்வாளரோ உடன் பேச வேண்டும். பராமரிப்பு ஊழியருக்கான பயணச் செலவை மன்றம் ஏற்கும். எந்த வால்வு எப்போது சிக்கும், எந்த உணரி பொய் சொல்லும் என்று அறிந்தவர் அவர். தமிழ்நாட்டு ஆய்வகங்களில் அந்த அறிவு பெரும்பாலும் தமிழில்தான் இருக்கிறது. அதனால் தமிழில் பேசவும் கேட்கவும் முழு அமர்வுகள் நடக்கும், அந்த உரைகள் எழுத்தாகவும் வெளிவரும்.

மருந்து நிறுவனங்களும் தனியார் ஆய்வகங்களும் தொழில் ரகசியத்தைக் காரணம் காட்டுவது எங்களுக்குத் தெரியும். சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதில் மருந்தின் சூத்திரம் எதுவும் இல்லை. பெயரை மறைத்துக் கணக்கை மட்டும் தர விரும்புவோரின் விவரங்களை அப்படியே காப்போம்.

தனி மீட்டர் இல்லாத பழைய ஆய்வகங்களும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கக் கூடாது. அவற்றுக்கு மன்றம் எடுத்துச் செல்லும் அளவிகளைக் கட்டணமின்றித் தரும்; பொருத்தித் தர ஆளும் அனுப்பும். சித்திரை வெயிலில் ஒரு வாரம், ஐப்பசி மழையில் ஒரு வாரம் என்று ஒரே விசிறியையும் ஒரே சில்லரையும் அளந்தால், வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் தனித்தனியாக எவ்வளவு செலவாகிறது என்பதன் முதல் மதிப்பீடு கைக்கு வந்துவிடும். அதை 12 மாதக் கணக்குக்கு ஈடாக ஏற்க மாட்டோம்; ஆனால் மாநாட்டில் அந்த ஆய்வகத்தின் பொறுப்பாளருக்குப் பேச இடம் தருவோம்.